கணபதியில் இயோசினோஃபிலைக் கண்டுபிடித்த விதம்

ஆஸ்பத்திரி மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று லேப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ரத்த அணுக்களைத் தானாகவே எண்ணிச் சொல்லும் மிஷின் ஒன்று வந்திருக்கிறதாம். அதற்கு ஒரு திறப்பு விழா, திறப்பு விழாவுக்கு ஒரு மலர். "இயோசினோஃபில யாரு கண்டுபிடிச்சாங்கன்னு ஆரம்பிச்சு அப்படியே உங்க காலத்துக்கு வந்துருங்க மேடம், ரெண்டு பக்கம் போதும்" என்றாள் அவர்களில் ஒருத்தி. என் காலத்துக்கு வருவதென்றால் அவளுக்கு ஏதோ காந்திபுரத்தில் பஸ் ஏறி வருகிற மாதிரி இருக்கிறது. சரி என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் பழைய எரிச்சல் அத்தனையும் வந்துவிட்டது. அதனால் இரண்டு பக்கத்தில் நிற்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவள் கேட்டது. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல். அவற்றில் ஒரு வகைக்குள் மட்டும் மணிமணியாகப் பருமனாக ஏதோ அடைந்து கிடக்கும். சாயம் எதுவும் போடாமலேயே ஓர் இங்கிலாந்து டாக்டர் அதைப் பார்த்து எழுதி வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல வருஷம் கழித்து ஜெர்மனியில் ஓர் இளம் டாக்டர், துணிக்குப் போடுகிற சாயங்களையெல்லாம் ரத்தத்தின் மேல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இயோசின் என்ற சிவப்புச் சாயம் அந்த மணிகளைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து அதற்கு இயோசினோஃபில் என்று பேர். வயிற்றில் பூச்சி, ஆஸ்துமா, ஒவ்வாமை என்று வந்தால் இது பெருகும். புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. ஒருத்தர் ஓரிடத்தில் ஒரு தரம் கண்டுபிடித்துவிட்டால் உலகத்துக்கே தெரிந்துபோய்விடும் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முப்பதுகளில் கோயமுத்தூருக்கு வடக்கே கணபதியில் இருந்த எங்களுக்கு அந்த அணு தெரியவில்லை. நாங்கள் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதுவும் என்ன பாடு பட்டு!

என் அப்பா அம்மா அன்னூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு மிஷன் பள்ளிக்கூடம், அங்கிருந்து வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் பயிற்சி. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கண்ணாடி கழுவினேன், மறுபடியும் கழுவினேன். ஒரு நல்ல விஷயம் கற்றுக்கொண்டேன், விதை போட்டு எண்ணுவது. நூறு வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும், கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்கவும் கூடாது. அதனால் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று நான்கு டப்பா இருக்கும். எல்லோருக்கும் அதிகமாக இருக்கிற சாதாரண வகைக்குப் புளியங்கொட்டை, ஒரு வகைக்கு ஆமணக்கு, இயோசினோஃபிலுக்குக் குன்றிமணி. பார்க்கப் பார்க்க அந்தந்த விதையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே போவோம். கடைசியில் கிண்ணத்தைக் கொட்டினால் கணக்கு வந்துவிடும்.

கணபதி அப்போது டவுனைச் சேர்ந்ததில்லை. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் எங்கள் பெண்கள் ஆஸ்பத்திரி. லேப் என்பது மருந்து அறைக்குப் பின்னால் ஒரு ஜன்னலும் ஒரு மேஜையும். எனக்கு மேலே பெரிய டாக்டரம்மா. சீமைக்காரர், வேதாகமத்தை வைத்துத் தமிழ் படித்தவர். கோபப்படவே மாட்டார், அதுதான் அவரிடம் தாங்க முடியாத குணம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். சாயப் புட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார். தன் கைக்குட்டையால் மைக்ராஸ்கோப்பைத் துடைப்பார், நான் துடைத்து வைத்திருந்தாலும் துடைப்பார். குனிந்து வெகுநேரம் பார்ப்பார். நிமிர்ந்து ஒரே வார்த்தை சொல்வார்: "மறுபடியும்." எதற்கு மறுபடியும், என்ன தவறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தையை இன்று யாராவது சாதாரணமாகச் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று வரும்.

அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். வருகிற பெண்கள் எல்லாம் காட்டில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள், பாதிப் பேர் வயிற்றில் கொக்கிப்புழு. இயோசினோஃபில் கூடியிருக்க வேண்டும். என் குன்றிமணி டப்பா திறக்காமலே தூசி படிந்து கிடந்தது. "எஸ்தர், இந்த ஜனங்களுக்குள்ளே அவைகள் எங்கே போயின?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததைத்தான் எண்ணினேன். அவரும் அதே ஸ்லைடைத்தான் பார்த்தார், கரும் நீலமாக மணி மணியாக அணுக்கள் இருந்தன, சிவப்பு இல்லை. அவற்றைப் புளியங்கொட்டைக் கணக்கில்தான் அவரும் சேர்த்தார். பிறகு மதராஸிலிருந்து புதுச் சாயம் வரவழைத்தார். அதுவும் அப்படியே. கடைசியில் என் கண்ணில் கோளாறு என்று டவுனில் கண் டாக்டரிடம் அனுப்பினார். அந்தக் கண் டாக்டர், உனக்கு ஒன்றுமில்லை, அனுப்பினவர் யார் என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது தண்ணீர் கதையைச் சொல்ல வேண்டும், அது இல்லாமல் மேலே புரியாது. ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்துக் காய வைத்து, மேலே சாயத்தை ஊற்ற வேண்டும். கொஞ்சம் பொறுத்து, சாயத்தைப் போல இரண்டு பங்கு தண்ணீரை அதன் மேலேயே விட்டு, இரண்டும் கலக்கும்படி மெல்ல ஊத வேண்டும். மேலே ஆடை மாதிரி ஒரு மினுக்கு படரும். பிறகு கழுவி, சாய்த்து நிறுத்தி உலர்த்த வேண்டும். பயிற்சி ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீர் பெரிய ஜாடியில் இருக்கும். இங்கே வடிக்கிற கருவி விரிசல் விட்டுக் கிடந்தது, விலைக்கு வருகிற கொஞ்சமும் ஊசி மருந்துக்கே சரியாய்ப் போகும். நல்ல தண்ணீர் என்றால் சிறுவாணித் தண்ணீர்தான். டவுன் குழாயிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்து சமையற்கட்டு வராந்தாவில் பெரிய பானைகளில் ஊற்றி வைப்பார்கள்.

அந்தப் பானைகள் சமையல்கார ராமாயியம்மாவின் பொறுப்பில் இருந்தன. ராமாயியம்மா கவுண்டர் வீட்டு விதவை. அவர் சமைத்தால்தான் நிலம் வைத்திருக்கிற தோட்டக்காரக் குடும்பத்துப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சாப்பிடுவார்கள் என்பதற்காகவே மிஷனில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல மனுஷி. காய்ச்சல் என்றால் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார். தாகம் என்று போய் நின்றால், "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு, நா ஊத்தறேன்" என்று செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். நான் கையைக் குவித்துக் குடிப்பேன். கொங்கு நாட்டில் மரியாதைக்குக் குறைவே கிடையாது, தள்ளி நிறுத்துவதாக இருந்தாலும் கண்ணு போட்டுத்தான் தள்ளி நிறுத்துவார்கள்.

காலை ஜெபத்தில் எல்லோரும் ஒரே பாயில் உட்காருவோம், அது வேறு விஷயம். தாகத்துக்குக் கை குவித்தது போதும், லேபுக்கு வேறு ஜாடி ஜாடியாக அவர் முன்னால் போய்க் கையேந்த எனக்கு மனசில்லை. பின்பக்கம் ஒரு கிணறு இருந்தது. துணி துவைக்கிறவர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் நானும் புழங்குகிற கிணறு, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரைச் சேந்தி, நன்றாகக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் ஸ்லைடுக்கு விடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் பாவாத்தாள் வந்தாள். அன்னூரில் வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண், பிறந்த ஊர் கொடுமுடி. இருமல், இளைப்பு, சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு உருகிப் போயிருந்தாள். கூட வந்தவர் மாமியார். வாட்டசாட்டமான பண்ணாடிச்சி, நிலபுலமுள்ள வீட்டு எசமானி. டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எலும்புருக்கியா இல்லையான்னு ஒரே பேச்சாச் சொல்லிப்போடுங்க. ஆமான்னா இவளக் கொண்டுபோயி கொடுமுடில அவங்கப்பனூட்ல உட்டுப்போட்டு, நாங்க ஆக வேண்டியதப் பாக்கோணும்."

ஆக வேண்டியது என்றால் மகனுக்கு இரண்டாம் கல்யாணம். பெண் கூடப் பார்த்தாயிற்று என்று பாவாத்தாளே என்னிடம் சொன்னாள். அவளை வீட்டுக்கு வெளியே மாட்டுச் சாளையில் படுக்கப் போட்டிருந்தார்கள். கைக்குழந்தையைப் பிரித்து ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். "புள்ளயக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறாங்க. பாலு கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலிக்குதுங்க அம்மணி. அந்த நோவு இல்லைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றாள். நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் என்னைத்தான் கேட்டாள்.

நான் அவள் விரலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாமியார் விசாரித்தார். "நீங்க எந்தூருங்க அம்மணி?" அன்னூர்ப் பக்கம் என்றேன். "அன்னூர்ல எங்கீங்க?" சொன்னேன். "யாரு தோட்டத்துல இருந்தாங்க உங்கப்பன்?" அதையும் சொன்னேன். "அப்படியா. சரி, நீ உன் சோலியப் பாரு" என்றார். அந்த இடத்தோடு 'ங்க' போய்விட்டது. ஆனால் மருமகள் விரலை நான் பிடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஊசியால் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாவது சொட்டை எடுத்தேன்.

சளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், சயரோகக் கிருமி அகப்படவில்லை. அகப்படாததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்ரே எங்களிடம் கிடையாது. வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கையோ எக்கச்சக்கம். வகை பிரித்தால் கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை. "மறுபடியும்" என்றார் டாக்டரம்மா. மறுபடியும் செய்தேன், மறுபடியும் புளியங்கொட்டை. மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து வண்டி பூட்டலாமா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஆளைப் பார்த்தால் எலும்புருக்கி மாதிரிதான் இருக்கிறது, அப்படியே சொல்லிவிடலாம் என்று டாக்டரம்மாவும் முக்கால்வாசி முடிவுக்கு வந்துவிட்டார்.

அப்புறம் என்ன தோன்றியதோ, சாயம் போடாத ஒரு ஸ்லைடையும் சாயப் புட்டியையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். என் கையை நம்பவில்லை என்றுதானே அர்த்தம். நான் வாசலைப் பார்க்காமல் வேறு வேலை செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "எஸ்தர், பார்" என்றார். பார்த்தேன். எங்கே திருப்பினாலும் சிவப்பு. மாதுளம் முத்துப் பிளந்து கிடந்த மாதிரி அணுவுக்கு அணு சிவப்பு மணிகள். பயிற்சிக் காலத்துக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை.

"நீ செய்தது ஏன் இப்படி வரவில்லை?"

"நானும் இதே புட்டிலதானுங்கம்மா ஊத்துனேன்."

"வா. என் அறையில், என் கண்களுக்கு முன்பாகச் செய்."

போய்ச் செய்தேன். அவர் மேஜை மேல் மணி கோத்த வலை போட்டு மூடியிருந்த கண்ணாடிக் கூஜாவிலிருந்து தண்ணீர் விட்டேன். சிவப்பாகவே வந்தது. "பார்த்தாயா? நான் அருகிலிருக்கும்போது உன் கை ஒழுங்காயிருக்கிறது" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் லேபுக்கு வந்து இன்னொன்று செய்தேன், நீலம். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "நீங்களே வந்து என் மேஜைல போட்டுப் பாருங்கம்மா, உங்க கை எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் கோபப்படவில்லை. வந்தார். அதே ரத்தம், அதே சாயம், அவருடைய கை. அதுவும் நீலமாகத்தான் வந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஜை மேல் இருந்த ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்த்தார். புட்டி, ஸ்லைடு, துணி, கடைசியில் என் தண்ணீர் ஜாடி. அதில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். உடனே முகம் சுளித்தது. சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார், அது நீலமாக மாறியது. உப்பும் காரமும் ஏறின கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைக்க வைக்க இன்னும் காரம் ஏறியிருக்கிறது. காரத் தண்ணீரில் இயோசின் சரியாகப் பிடிக்காது, மணிகள் நீலம் பாரித்துவிடும். கூஜாவில் இருந்தது சிறுவாணித் தண்ணீர். இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடித்தது அவர்தான், அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"இது எந்தத் தண்ணீர்?"

"பின்பக்கக் கிணறுங்க."

"சமையற்கட்டில் நல்ல தண்ணீர் இருக்கிறதே. அதை ஏன் எடுக்கவில்லை?"

"அந்தப் பானைய நான் தொடக் கூடாதுங்கம்மா."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. சொல்லோணுமுங்களா?"

எத்தனையோ வருஷமாக அந்த ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கிறவர். தினமும் ராமாயியம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர். நான் கொல்லையில் கை குவித்துக் குடிப்பதை அவர் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். அவர் முகம் சிவந்துபோனது. "உன் ஆய்வறைக்கென்று ஒரு தனிப் பானை வாங்கித் தருகிறேன். ராமாயி அதில் தினந்தோறும் ஊற்றுவாள்" என்றார்.

"தனிப் பானை வேண்டாங்கம்மா. எஸ்தரு அந்தப் பானைலயே மொண்டுக்குவான்னு ராமாயியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போதும்."

"சொன்னால் ராமாயி போய்விடுவாள். அவள் போனால் இந்தப் பெண்கள் இங்கே சாப்பிடமாட்டார்கள். சாப்பிடாவிட்டால் வரமாட்டார்கள். அப்பொழுது பாவாத்தாளை யார் காப்பாற்றுவது?"

அவர் போட்ட கணக்கில் எனக்குத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எரிச்சல் அடங்கவில்லை. அதற்கு முன்னால் எத்தனை பெண்கள் எலும்புருக்கி என்ற பேரோடு திரும்பிப் போனார்களோ, அவர்களில் எத்தனை பேருக்கு இந்த மணிகள் இருந்தனவோ. அது என் குற்றம் என்று சொல்லிக்கொள்ள நான் தயாராக இல்லை. எனக்கு விடப்பட்ட தண்ணீரை நான் யாரையும் விட நன்றாகத்தான் காய்ச்சினேன்.

டாக்டரம்மா மாமியாரைக் கூப்பிட்டார். "இது எலும்புருக்கி அல்ல. ஆஸ்துமாவின் ஜாதியைச் சேர்ந்த ஏதோ ஒன்று. இதற்குச் சரியான பேர் எனக்குத் தெரியாது."

"பேரில்லாத நோவு என்னங்க நோவு?" என்றார் மாமியார். நம்பவில்லை. சிவப்பு மணியாவது கருப்பு மணியாவது, அவருக்கு அதெல்லாம் கணக்கில்லை. பாவாத்தாளை வார்டிலேயே வைத்துக்கொண்டு பூச்சி மருந்தும், ஆஸ்துமாவுக்கு அப்போது கொடுத்துவந்த பாஷாணச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது, காய்ச்சலும் விட்டது. மாமியார் திரும்ப வந்தபோது யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் தன் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். "செரி, வண்டில ஏறு" என்றார். பாவாத்தாள் ஓடிப் போய் ஏறினாள். பார்த்து வைத்த பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணமானதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை, சாப்பிடக்கூட மறந்து திரிந்தேன்.

சில மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தாள். அடையாளமே தெரியவில்லை, கன்னம் தேறி, இடுப்பில் குழந்தை. வண்டி வெளியே நின்றது, மாமியார் அதிலேயே உட்கார்ந்திருந்தார். விரலில் குத்தி, டாக்டரம்மா வாங்கி வைத்த தனிப் பானையில் ராமாயியம்மா ஊற்றிவிட்டுப் போன தண்ணீரை விட்டு, எண்ணினேன். கிண்ணத்தில் குன்றிமணி ஒன்றிரண்டுதான் விழுந்தது. சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லீன்னா இந்தப் புள்ளைக்கு ஆத்தா இல்லீங்க அம்மணி. எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டனுங்க" என்றாள். அழுததில் இரண்டு மூன்று தரம் இருமினாள். பழைய இருமல் நினைவுக்கு வந்து பதறிப்போய், பக்கத்திலிருந்த பானையில் தம்ளரை விட்டு மொண்டு அவளிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். தம்ளரைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்தாள். அங்கிருந்து யாரும் எங்களைப் பார்க்கவில்லை, மாமியார் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். தம்ளரை மேஜை மேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"அப்பறமாக் குடிச்சுக்கறனுங்க அம்மணி. வாரேனுங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அடுத்தவள் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ரத்தம் எடுத்து, தேய்த்துக் காய வைத்து, சாயத்தை ஊற்றினேன். தம்ளரில் இருந்த தண்ணீரையே அதன் மேல் விட்டேன். சாயம் நன்றாகப் பிடித்தது.